தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. பதினெட்டு இரவு, மூன்று தூண்டில், ஒரு கூடாரம், நாற்பது கிலோ இரை, கிடைத்த மீன் பூஜ்யம் என்று மளிகைக் கணக்குப் போல எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தீர்கள். இரண்டாம் முறை படித்தபோது கடைசி வரி உறுத்தியது: "இந்த ஒரு பெரிய கெண்டைக்காக இன்னும் எவ்வளவு பொறுமை வேண்டும், சொல்லுங்கள்."

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பொறுமை கூடிப்போய்விட்டது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூண்டில் என்றாலே பொறுமை என்பது எல்லா ஊரிலும் உள்ள பேச்சு. ஐசக் வால்டன் 1653இல் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலும், கெண்டை பிடிக்கப் போகிறவனுக்கு ஏராளமான பொறுமை வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு இங்கிலாந்துக்காரர்கள் முந்நூறு வருடம் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கெண்டை தூண்டிலுக்கு வராது, தப்பித்தவறி வந்தால் அது அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டியும் விட்டார்கள். அதைப் பொய்யாக்கிய மனிதர் சும்மா காத்திருந்து பெயர் வாங்கியவர் இல்லை. ஏன், எப்படி என்று எதையும் குடைந்துகொண்டே இருந்த ஒரு பொறியாளர், ரிச்சர்ட் வாக்கர்.

அவர் கதை உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். நீங்கள் கென்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஏரிக்கும் அதற்கும் நேரான தொடர்பு இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்ஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்று ஒரு குளம். ஒரு பக்கம் அணை, மறு பக்கம் ஆழம் குறைந்து சேறும் பாசியும். மொத்தமே மூன்று ஏக்கர்தான். உங்கள் மன்னார்குடி ஹரித்ராநதிக் குளத்தில் ஏழில் ஒரு பங்குகூட வராது. 1934இல் டொனால்ட் லெனி என்ற மீன் பண்ணைக்காரர் அதில் ஐம்பது கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். பிறகு அந்தக் குளத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1951இல் பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் அங்கே 31 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 14 கிலோவுக்குச் சற்று மேலான கெண்டையைப் பிடித்தார். அதற்கு முன் இங்கிலாந்துச் சாதனை 1930இல் பிடிபட்ட 26 பவுண்டு மீன். மூன்று ஏக்கர் குளத்தில் இப்படி ஒன்று இருந்தால் இன்னும் என்னென்ன இருக்குமோ என்று வாக்கருக்கு அரிப்பு எடுத்துவிட்டது.

1952 செப்டம்பர் 13, விடிவதற்கு முன். கூட இருந்தவர் நண்பர் பீட் தாமஸ். அன்று வாக்கர் கரையேற்றிய கெண்டை 44 பவுண்டு, கிட்டத்தட்ட இருபது கிலோ. பழைய சாதனையை ஒரேயடியாகக் கிட்டத்தட்டப் பதின்மூன்று பவுண்டு தாண்டியது. அந்த மீனை அவர் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொடுத்தார். கிளாரிசா என்ற பெயரில் அது 1971 வரை கண்ணாடித் தொட்டியில் உயிரோடு இருந்தது.

நான் சொல்ல வந்தது எடையை இல்லை, இரையை. அந்தக் குளத்தின் அடியில் பாசி மெத்தை போலக் கிடக்கும். மாவு உருண்டையைப் போட்டால் பாசிக்குள் புதைந்துவிடும், மீன் கண்ணில் படாது. ரொட்டித் துண்டைப் போட்டால் மேலே மிதக்கும். வாக்கர் என்ன செய்தார்? முள்ளில் மாவையும் ரொட்டியின் மேல்தோலையும் சேர்த்துக் கோத்தார். ஒன்று இழுக்கும், ஒன்று தூக்கும். இரண்டையும் அளவு பார்த்துச் சேர்த்தால் இரை மெதுவாக இறங்கி, பாசியின் மேல் பூப்போல உட்காரும். ஒரு துண்டு ரொட்டிதான். ஆனால் நீரின் அடியில் என்ன நடக்கிறது என்று யோசித்தவனுக்குத்தான் அது தோன்றும்.

தூண்டில் கோலும் அப்படித்தான். பெரிய கெண்டையைத் தாங்கும் கோல் கடையில் இல்லை என்றதும், மூங்கிலைக் கீறி ஒட்டிப் பத்தடிக் கோலைத் தானே வடிவமைத்தார். இரவில் நரம்பு நகர்ந்தால் சத்தம் கொடுக்கும் மின் அலாரத்தையும் வகுத்துக் கொடுத்தார். நீங்கள் மூன்று வாங்கி வைத்திருக்கிறீர்களே, அவற்றுக்கெல்லாம் மூத்தது அது. 1953இல் வெளியான அவருடைய நூலில் முதல் பாடம் மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி என்பது. அடுத்தது, அதை மிரட்டாதே. இரையைப் பற்றிய பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

உங்கள் கடிதத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். மூன்றரைப் பக்கத்தில் இரண்டு பக்கம் இரை. அரைப் பக்கம் கடைக்காரர் சொன்னது. மீதி மழையும் கூடாரமும் மனைவியின் கோபமும். இந்தப் பதினெட்டு இரவில் அந்த ஏரியில் ஒரு கெண்டையையாவது கண்ணால் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

சரளை தோண்டிய பழைய பள்ளம், இருபது ஏக்கர், உள்ளே நாற்பது கெண்டைதான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏக்கருக்கு இரண்டு மீன். அவையும் ஏரி முழுக்கப் பரவி நிற்பதில்லை, பெரும்பாலும் கூட்டமாகத்தான் திரியும். ஆக, எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த ஏரியில் முக்கால்வாசி இடம் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் என்ன இரை போட்டால் என்ன? நீங்கள் கொட்டிய நாற்பது கிலோவும் வாத்துக்கும் சேற்றுக்கும் போயிருக்கும்.

இருக்கும் நாற்பதும் ஏமாளிகள் இல்லை. கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, பல் தொண்டைக்குள் இருக்கிறது. உதட்டைக் குழாய் போல நீட்டி, அடியில் கிடப்பதை உறிஞ்சும். பிடிக்காததை அதே வேகத்தில் துப்பிவிடும். காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சிறு எலும்புகள் சங்கிலிபோல் இருப்பதால் நீங்கள் கரையில் ஆணி அடிக்கும் சத்தமும் அதற்குக் கேட்கும். போதாததற்கு ஞாபகசக்தி. 1970இல் ஒரு டச்சு ஆய்வாளர் குளத்துக் கெண்டைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஒரே ஒரு முறை முள்ளில் மாட்டிய மீனை மறுபடி தூண்டிலில் பிடிப்பது வெகு சிரமமாகிவிட்டது. உங்கள் ஏரியின் பெரிய மீன் எத்தனை முறை மாட்டி வெளியே வந்ததோ. ஒவ்வொரு முறையும் பாடம் படித்துக்கொண்டுதான் தண்ணீருக்குத் திரும்பியிருக்கும்.

வாக்கருக்குப் பின் வந்தவர்கள் இந்த வாயை வைத்துத்தான் மூளையைக் கசக்கினார்கள். ஃப்ரெட் வில்ட்டன் என்பவர் பால் புரதம் மாதிரியான சத்து மாவுகளை முட்டை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து இரையாக்கினார். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெந்ததால் மேல்தோல் கெட்டியாகிவிடும், பொடி மீன்கள் கொத்தித் தின்ன முடியாது. பாய்லி என்று இன்றைக்கு மூட்டை மூட்டையாக விற்பது அதைத்தான். லென்னி மிடில்ட்டனும் கெவின் மேடக்ஸும், முள் கோத்த இரையைக் கெண்டை உறிஞ்சித் துப்பிவிடுகிறதே, முள்ளில் இரையைக் கோக்காமலே விட்டால் என்ன என்று யோசித்தார்கள். ஒரு தலைமுடியில் இரையைக் கட்டி, அந்த முடியை முள்ளில் முடிந்தார்கள். இரை தனியாக ஆடும், முள் கூடவே உள்ளே போகும். கெண்டைத் தூண்டிலையே புரட்டிப் போட்டது அந்த ஒற்றை முடி. இவர்கள் எல்லாரும் மீனைப் பார்த்துத்தான் கருவியைச் செய்தார்கள். நாம் கருவியை வாங்கிவிட்டு மீனைத் தேடுகிறோம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதே தப்பை நான் இரண்டு வருடம் செய்தவன்.

இங்கிலாந்தின் சர்ரே பக்கம் ஓர் ஏரி. வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே தரை சமமாக, மரநிழலோடு ஒரு துறை. சாமான் அதிகம், முதுகு வலி வேறு. இரண்டு பருவமும் அந்தத் துறையை விட்டு நகரவில்லை. எதிர்க்கரையில் யாராவது மீன் பிடித்தால் அவனுக்கு அதிர்ஷ்டம் என்பேன். நான் பொறுமையாக இருக்கிறேன், என் முறை வரும் என்று என்னையே தட்டிக் கொடுத்துக்கொள்வேன். முறை வர அது என்ன ரேஷன் கடையா?

ஒரு மே மாதக் காலை, ராத்திரி அடித்த காற்றில் மரம் ஒன்று பாதையில் விழுந்து கிடந்தது. கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரியைச் சுற்றித்தான் வெளியே போக வேண்டும். திட்டிக்கொண்டே போனேன். வடகிழக்கு மூலையில் முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு ஒடுக்கம். அங்கே தண்ணீர் டீ போலக் கலங்கிக் கிடந்தது. நின்று பார்த்தேன். ஏழோ எட்டோ முதுகுகள். கரையிலிருந்து பத்தடிகூட இல்லை. தென்மேற்குக் காற்று மூன்று நாளாக வெதுவெதுப்பான மேல்தண்ணீரையும் பூச்சி புழுக்களையும் அந்த மூலைக்குத்தான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்த மூன்று நாளும் ஏரியின் மறுகோடியில், காற்றுப் படாத இடமாகப் பார்த்து, சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது, நான் பொறுமை என்று பெயர் வைத்திருந்தது சோம்பலுக்கு.

அடுத்த ஆறு வாரம் தூண்டில் எடுக்காமல் போனேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், வெயிலில் கண் கூசாத கண்ணாடி, அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு சூடு, மீன் எங்கே துள்ளியது, எத்தனை மணிக்கு என்று எழுதினேன். நாலாவது வாரமே ஏரி வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு அல்லிக்கொடி ஓரம், பத்து மணிக்கு மேல் தீவின் பின்னால், மேகம் மூடி மழை வரும் மாதிரி இருந்தால் நடு ஏரியின் சரளை மேடு. பஸ் கால அட்டவணை மாதிரி. ஏரியின் பெரிய மீனையும் அப்போதுதான் முதலில் பார்த்தேன். கண்ணாடிக் கெண்டை. தோளுக்குக் கீழே மூன்று பெரிய செதில்கள், மற்ற இடமெல்லாம் வழவழப்பு.

கண்ணாடிக் கெண்டைக்குச் செதில் கோலம் ஒன்றுக்கொன்று மாறும். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்து, புகைப்படம் ஒட்டி, ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கென்ட்டிலேயே ஆஷ்ஃபோர்ட் அருகே கானிங்புரூக் ஏரியில் டூ டோன் என்று ஒரு மீன் இருந்தது. 2008இல் அதன் எடை 67 பவுண்டு 14 அவுன்ஸ், முப்பது கிலோவுக்கு மேல். அந்த ஒரே மீனுக்காக வருடக்கணக்கில் வேலையை விட்டு, உறவை விட்டுக் கரையில் கிடந்தவர்கள் உண்டு. 2010இல் அது செத்தபோது ஏரிக்கரையில் புதைத்து அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவராகிவிட வேண்டாம் என்று உங்கள் மனைவியின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வரும் மூன்று சனிக்கிழமையும் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விடியும் முன் போய்ச் சேருங்கள், கெண்டை துள்ளுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஏரியை முழுதாகச் சுற்றுங்கள், மெத்தென்று கால் வையுங்கள். மரத்தில் ஏற முடிந்தால் ஏறுங்கள், மேலிருந்து பார்த்தால் தண்ணீர் திறந்துகொள்ளும். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டே நகர்ந்தால் கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம். காற்று வெதுவெதுப்பாக இருந்தால் அது போய் மோதும் கரையைப் பாருங்கள். குளிர்காற்றானால் அதற்கு முதுகு காட்டும் கரை.

நாலாவது வாரம் ஒரு கோலும் வெறும் ஈயமும் மட்டும் எடுத்துப் போங்கள், முள் வேண்டாம். வீசி, மெதுவாக இழுங்கள். கோலின் நுனி டொக் டொக்கென்று தட்டினால் சரளை. வழுக்கிக்கொண்டு வந்தால் கெட்டியான மண். விழுந்த இடத்திலேயே கவ்விக்கொண்டு கனமாக வந்தால் சேறு. சிக்கிச் சிக்கிப் பிய்ந்து வந்தால் பாசி. பாசிக்கு நடுவே கைக்குட்டை அகலத்துக்குச் சுத்தமான திட்டு ஒன்று அகப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். கெண்டைகள் தின்று தின்று துடைத்த தட்டாக அது இருக்கலாம்.

தூண்டில் போடும் நாளில் அங்கே இரண்டு கைப்பிடி இரை போதும். மூன்று கோலும் வேண்டாம், ஒன்று போதும். நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் தொய்வாக அடியில் கிடக்க விடுங்கள். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள், உலர்ந்த நரம்பில் இறுக்கினால் சூட்டில் பலம் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நரம்பு அறுந்தாலும் ஈயம் கழன்று விழும்படி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிழட்டு மீன் வாயில் முள்ளோடும் ஈயத்தோடும் ஏதாவது வேரில் மாட்டிச் சாகும். அப்புறம் யாருக்கு என்ன பெருமை?

உங்கள் மனைவி கேட்டதாக ஒன்று எழுதியிருந்தீர்கள்: திரும்ப விடத்தானே போகிறீர்கள், பிறகு எதற்குப் பிடிக்க வேண்டும்? என் அம்மாவும் தொலைபேசியில் இதையே கேட்டாள். "புடிச்ச மீன ஆத்துலயே விடுறதுக்கா ராப்பூரா பனியில உக்காந்த?" நமக்குக் கெண்டை என்றால் குழம்பு. 1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டையை நீலகிரிக்குக் கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டதும் மனிதர் சாப்பிடுவதற்காகத்தான். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. முள் குத்தினால் மீனுக்கு ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். தண்ணீரில் நனைத்த மெத்தை விரிப்பில் கிடத்தி, காயத்துக்கு மருந்து வைத்து, ஓரிரு நிமிஷத்தில் திருப்பி விடுவது நாம் கொடுக்கும் குறைந்தபட்சக் கடன்.

அப்படித் திருப்பி விட்டவர்களில் கிறிஸ் யேட்ஸ் என்று ஒருவர். 1980 ஜூன் 16, அந்த வருடப் பருவம் தொடங்கிய முதல் நாள். அதே ரெட்மயர் குளத்தில், மக்காச்சோள மணியைக் கோத்து, 51 பவுண்டு 8 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்தார். வாக்கரின் சாதனை இருபத்தெட்டு வருடம் கழித்து விழுந்தது. யேட்ஸ் மீனை எடை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டார். மீனைக் கொண்டுவந்து காட்டவில்லை என்று சாதனைக் குழு அதை ஏற்கவில்லை. போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். கெண்டைக்காரர்கள் மத்தியில் அந்த மீனை இன்றும் யாரும் சந்தேகிப்பதில்லை.

என் ஏரியின் மூன்று செதில் கெண்டையை நான் பிடித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வருடம் என் தூண்டிலுக்கு ஐந்து மீன் வந்தன, பெரியது 24 பவுண்டு. அக்டோபரில் ஒரு விடியற்காலை பக்கத்துத் துறைக்காரர் கத்தினார். ஓடினேன். அவர் கோலைப் பிடிக்க, நான் இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு நின்றேன். மூன்றாவது முறை மேலே வந்தபோது மூன்று செதிலும் தெரிந்தன. வலையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். ஆறு வாரம் நோட்டில் எழுதிய மீன் என் முழங்கையில் வாலால் அறைந்தது. பொறாமை வந்ததா என்றால், வந்தது. டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

அடுத்த கடிதத்தில் இரையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். எந்த மூலையில், எத்தனை மணிக்கு, எத்தனை முதுகு பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்று சனிக்கிழமையும் வெறுங்கையோடு போகிறீர்கள் என்று தெரிந்தால் உங்கள் மனைவிக்கும் கொஞ்சம் கோபம் தணியும். அவரையும் கூட்டிப் போங்கள், இரண்டு கண்ணுக்கு நான்கு கண் நல்லது.

பெரியது மாட்டும் நாளில் வலை பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் வெறுங்கையோடு திரும்பிய ஒருவன்